எண்பத்து நான்கு மரங்கள் இளைத்த விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி யாருக்காவது காய்ச்சல் கீய்ச்சல் இருந்தால், இதை முழுதாகப் படித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல் காத்திருக்கும், இது காத்திருக்காது.

சனிக்கிழமை காரோடு வந்து என்னை அழைத்துப் போவதாக நீ அடிவாரத்து அலுவலகத்துக்குப் போன் செய்து, அவர்கள் சாமான் ஜீப் ஓட்டுகிறவரிடம் சொல்லி, அவர் வெங்காய மூட்டையை இறக்கிக்கொண்டே எல்லோர் முன்னாலும் அதை என்னிடம் சொன்னார். "அம்மா, உங்களைக் கூட்டிட்டுப் போக ஆள் வருதாம்" என்றார், ஏதோ பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்த குழந்தையிடம் சொல்வதுபோல. வராதே. இன்று வியாழக்கிழமை, எனக்கு எட்டாவது நாள். பன்னிரண்டாவது நாள் திங்கட்கிழமை. அன்று மாலை நான்கு மணிக்கு வா. ஒரு நிமிடம் முன்னால் வந்தாலும் நான் காரில் ஏற மாட்டேன். நீ வெளியே நின்று அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

பன்னிரண்டு நாள் எதற்கு என்று உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை, ஆனால் நீ மறப்பவன், ஆகையால் நினைவுபடுத்துகிறேன். உன் வீட்டுக் கூடத்தில், உன் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் என் மகன் அதைச் சொன்னான். உன் அத்தான் போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சு, நான் வீட்டைப் பூட்டிச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு அவனுடைய ஒன்பதாவது மாடிக்குக் குடிபோக வேண்டும். எனக்கென்று ஓர் அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பொருத்தியாகிவிட்டது. விழாதவளுக்கு எதற்கடா கம்பி என்று கேட்டால், "விழுந்தா பிடிச்சுக்கலாம்ல" என்கிறான். காட்டில் பருவநிலை ஆராய்ச்சிக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று பத்திரிகையில் பார்த்து நான் விண்ணப்பம் போட்டதும் அவன் சிரித்த சிரிப்பு உனக்கு நினைவிருக்கும். "வீட்டு மாடிப்படியே ஏறி இறங்க முடியல, காட்டுக்குப் போறீங்களாம்மா? சரி, பந்தயம். பன்னெண்டு நாளும் முழுசா இருந்து, யாரும் திருப்பி அனுப்பாம வந்துட்டீங்கன்னா வீட்டுப் பேச்சையே எடுக்க மாட்டேன். நடுவுல வந்தா சாவி என் கையில. மாமாதான் நடுவர்" என்றான். நீ தலையாட்டினாய். தூக்கத்தில் ஆட்டினாயா விழிப்பில் ஆட்டினாயா என்ற வாதம் இப்போது செல்லாது. நடுவரே வந்து ஆட்டக்காரியைக் காரில் ஏற்றிக்கொண்டு போவது எந்த ஊர் நியாயம்?

இத்தனைக்கும் மூலகாரணம், நீ மதியம் போனை அணைத்துவிட்டுத் தூங்குவது. இங்கே ஒரு விதி இருக்கிறது. தன்னார்வலருக்குச் சின்னக் கீறல் விழுந்தாலும், தங்கும் நாள் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வீட்டாருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், நாள் கூடினால் அவர்கள் சம்மதமும் வாங்க வேண்டும். படிவத்தில் முதல் எண்ணாக உன்னுடையதை எழுதினேன். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் அழகாக இராது என்பதற்காக மகனுடையதை எழுதினேன். முகாமில் ஒரே ஒரு போன், அது குழுத் தலைவியின் இடுப்பில் இருக்கிறது, குன்றின் மேல் ஏறினால்தான் பேசும். அந்தப் பெண் மூச்சு வாங்க ஏறி உனக்கு மூன்று முறை அடித்திருக்கிறாள். நீ குறட்டையில் இருந்திருப்பாய். நான்காவது முறை மகனுக்கு அடித்தாள். அவன் முதல் மணியிலேயே எடுத்துவிட்டானாம். என்ன கவனம் பார்.

அவனிடம் சொல்லப்பட்டவை இரண்டு விஷயங்கள். இரண்டும் நடந்தவைதான், ஆனால் அவன் உன்னிடம் சொன்ன மாதிரி நடக்கவில்லை. முதலாவது, நான் ஓடையில் விழுந்தேன் என்பது. நான் விழவில்லை. உட்கார்ந்தேன். அதற்கு முன் இங்கே என்ன வேலை என்று சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் உனக்குப் புரியாது. காட்டில் ஒரு பெரிய சதுரத்தைக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் இருக்கிற ஒவ்வொரு மரத்துக்கும் எண் பொறித்த தகடு உண்டு. வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் அளந்து எழுதினால், வெயில் கூடி மழை தப்புகிற வருடங்களில் காடு எப்படி வளர்கிறது என்று தெரியும். பதினொரு வருடமாக அளக்கிறார்கள். நூற்று முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்புக் கம்பி ஒன்றை மரத்தடியில் நிறுத்தி, அதன் உச்சி தொடும் இடத்தில்தான் டேப்பைச் சுற்ற வேண்டும், இஷ்டத்துக்குச் சுற்றக் கூடாது. இந்த ஒழுங்கைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. உலகத்தில் இன்னும் ஒரு வேலையாவது ஒழுங்காக நடக்கிறதே.

என்னோடு ஜோடி சேர்த்தது ஒரு பல் டாக்டரை. ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், ஆனால் கையில் எதையும் நிலையாகப் பிடிக்கத் தெரியாதவர். இவரிடம் எத்தனை பேர் நாக்கைப் பறிகொடுத்தார்களோ. மூன்றாம் நாள் ஓடையைத் தாண்டும்போது எங்கள் இரும்பு டேப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "போயிடுச்சேம்மா" என்று கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொதுச்சொத்து கண்ணெதிரே போகிறது, பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நான் இறங்கினேன். முழங்கால் ஆழம்தான். பாறை வழுக்கிற்று, ஆகவே உட்கார்ந்துகொண்டேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே தேடினேன். டேப் கிடைக்கவில்லை. முழங்கையில் ஒரு சிராய்ப்பு, தபால்தலை அளவு. டாக்டர் என்னைத் தூக்கிவிடுகிறேன் என்று வந்து அவர் முழுதாக விழுந்தார். அவர் வீட்டுக்கு யாரும் போன் செய்யவில்லை, ஏனென்றால் அவர் படிவத்தில் எண்களைத் தெளிவில்லாமல் எழுதியிருந்தார். தெளிவாக எழுதுகிறவர்களுக்குத்தான் இந்த உலகத்தில் கஷ்டம்.

இரண்டாவது விஷயம், அவன் தோண்டித் துருவிக் கேட்டுத் தலைவியின் வாயிலிருந்து பிடுங்கியது, புழு எச்சம். காட்டில் நான்கு காலில் நிறுத்திய வலைத்தொட்டில்கள் இருக்கின்றன. மேலிருந்து உதிர்வது எல்லாம் அதில் விழும். அதை எடுத்து வந்து மேஜையில் கொட்டி, இலை தனியாக, குச்சி தனியாக, பூவும் விதையும் தனியாகப் பிரித்துக் காயவைத்து எடை போட வேண்டும். என்னிடம் நான்கு தட்டு கொடுத்தார்கள். நான் மூன்றில் அழகாகப் பிரித்து, மிச்சமிருந்த கறுப்புக் குருணையை வழித்து வெளியே கொட்டி, மேஜையை ஈரத்துணியால் துடைத்து, நான்காவது தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். தலைவி வந்து பார்த்தாள். சின்னப் பெண், மரங்களைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள், தலையை வாரிக்கொள்ளத்தான் நேரமில்லை. கவிழ்ந்திருந்த தட்டை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். "அம்மா, அது குப்பை இல்ல. கம்பளிப்பூச்சி எச்சம். எவ்வளவு இலையைத் தின்னிருக்குன்னு அதை வெச்சுத்தான் கண்டுபிடிப்போம்" என்றாள், திட்டாமல். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எச்சத்தை எடை போடுவார்கள் என்று கான்வென்டில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுநாள் மூன்று தொட்டில்களின் எச்சத்தையும் சாமணத்தால் பொறுக்கி, ஒரு குருணை விடாமல் சேர்த்தேன். அத்தனையும் நாலு கிராம். இதையெல்லாம் என் மகன் உன்னிடம் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான்.

இனி முக்கியமான விஷயம். இதை நீ நிதானமாக, இரண்டு முறை படிக்க வேண்டும்.

இரும்பு டேப் ஓடையோடு போனபின், வேலை நிற்குமே என்று டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். நான் கைப்பையிலிருந்து என் டேப்பை எடுத்தேன். உனக்குத் தெரியும் அது எது என்று. தையல் வகுப்பில் முதல் பரிசாக சிஸ்டர் தன் கையால் கொடுத்தது. மஞ்சள் துணி, இரண்டு முனையிலும் பித்தளை, நூற்று ஐம்பது சென்டிமீட்டர். இந்தக் குடும்பத்தில் அது அளக்காத கழுத்து கிடையாது. உன் கல்யாணச் சட்டைக்கு மார்பு நூறு என்று அளந்ததும் அதுதான், ஒவ்வொரு வருடமும் அளந்து, போன வருடம் தொண்ணூற்றெட்டரை என்று கண்டுபிடித்ததும் அதுதான். கல்யாணமான முப்பத்தொரு வருடத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் கரைந்து போயிருக்கிறாய், உன் மனைவி உனக்கு ஒழுங்காகச் சாப்பாடு போடுவதில்லை என்று நான் சொன்னால் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள். நான் சொல்லவில்லையப்பா, டேப் சொல்கிறது. அதற்கு யாரோடும் மனத்தாங்கல் கிடையாது.

அதை வைத்து அளக்கத் தொடங்கினோம். சுற்றளவு நூற்று ஐம்பதுக்குள் இருக்கிற மரங்கள் எங்களுக்கு. அதற்கு மேல் பருத்தவை, மீதியிருந்த இரும்பு டேப்போடு மாணவர் இரண்டு பேருக்கு. வேறு டேப் கையில் இருக்கிறது என்று தலைவிக்குச் சொல்லியனுப்பினோம். என்ன டேப் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டாக்டர் மட்டும், "ஒரு தடவை இந்தக் கம்பியோட வெச்சு ஒத்துப் பாத்துடலாமாம்மா?" என்றார். "கம்பி சரியான்னு பாக்கணும்னா பாருங்க" என்றேன். அவர் கம்பியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்தடிக்குப் போனார்.

முதல் நாளே எனக்குத் தட்டுப்பட்டது. நூற்றுப் பதினேழாம் எண் மரம், போன வருடம் எண்பத்தெட்டு, இந்த வருடம் எண்பத்தேழு. சரி, ஒரு மரம். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நான்கு நாளில் எண்பத்து நான்கு மரம் அளந்தோம், எண்பத்து நான்கும் போன வருடத்தைவிட இளைத்திருந்தன. "மரம் இளைக்குமாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "நீங்க சொத்தைப் பல்லைப் பாருங்க, மரத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்தேன். ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. மாணவர்கள் அளந்த பெரிய மரங்களோ எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பருத்திருக்கின்றன. இதற்கு என்ன அர்த்தம்? பெரியது பிழைத்துக்கொள்கிறது, சின்னது வாடுகிறது.

நேற்று மாலை தாள்களைத் தலைவியிடம் கொடுத்தேன். நின்றபடி வாங்கியவள் மெதுவாக உட்கார்ந்தாள். இந்த வருடம் இரண்டு மாதம் மழை தப்பியிருக்கிறது, தண்ணீர் வற்றினால் இளம் மரங்களின் தண்டு கொஞ்சம் சுருங்கும், ஆனால் இவ்வளவு சுருங்கி, அதுவும் எல்லா மரமும் ஒன்றாகச் சுருங்கித் தான் பார்த்ததேயில்லை என்றாள். எழுத்து எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்றும் சொன்னாள், அதை நீ மகனிடம் தனியாகச் சொல்ல வேண்டும். பிறகு குன்றின் மேல் ஓடினாள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய ஆள் திங்கட்கிழமை கிளம்பி வருகிறாராம், என் மரங்களைப் பார்க்க. பதினொரு வருடமாக யார் கண்ணிலும் படாதது உன் அக்கா கண்ணில் பட்டிருக்கிறது. இந்த நேரத்தில் நீ காரைக் கொண்டுவந்து ஹாரன் அடிக்கப் போகிறாயா?

இங்கே எல்லோரும் என்னை டீச்சரம்மா என்கிறார்கள். நான் யாருக்கும் டீச்சராக இருந்ததில்லை, ஆனாலும் மறுக்கவில்லை. எதற்கும் என்னைத்தான் தேடுகிறார்கள். சமையல்காரர் இருக்கிறாரே, குரங்கு கையை விட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு போகிறது என்று சமையலறை ஜன்னலுக்குக் கம்பிவலை அடிக்கப் போகிறார், அதற்குக்கூட நான்தான் அளந்து கொடுத்தேன். அகலம் தொண்ணூற்றாறு. அவர் நாளைக்கு அடிவாரத்துப் பட்டறையிலிருந்து வலையை வெட்டி வாங்கி வருகிறார். முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது, ஒரு பல் ஆடுகிறது, அதை டாக்டரிடம் காட்டப் போவதில்லை. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதத்தை என் மகனுக்கு நீ உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அவனை நிற்கவைத்து வாசி. மரங்கள் வரும் இடத்தில் நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடரு.

எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் நிமிர்ந்த முதுகும் அமைய வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. உனக்கு இரண்டு கரண்டி கூடப் போடச் சொல்.

இப்படிக்கு,
யாரும் கைபிடிக்காமல் குன்றேறி இறங்குகிற
உன் அக்கா.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. கடிதம் இன்று மாலை ஜீப்பில்தான் இறங்குகிறது. அடிவாரத்தில் ராத்திரி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை நீ காரை எடுப்பதற்கு முன் உன் கைக்கு வந்துவிடும். அதுவும் நல்லதற்குத்தான்.

மேலே, மகனுக்கு உரக்க வாசி என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு கோடு போட்டு அடித்து, பிறகு அந்தக் கோட்டையே அடித்து, எழுதியதை அப்படியே விட்டிருக்கிறேன், பார்த்தால் உனக்குத் தெரியும். காரணத்தைச் சொல்கிறேன். காலையில் சமையல்காரர் வலையைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார். ஒன்றரை சென்டிமீட்டர் போதவில்லை. "டீச்சரம்மா, உங்க டேப்பு சரியில்லைங்க" என்றார். பட்டறைக்காரன் கோணலாக வெட்டியிருப்பான் என்றேன். "கோணல்னா ஒரு பக்கம்தான் குறையும். இது மேலயும் கீழயும் ஒரே மாதிரி குறையுதே" என்றார். சமையல்காரருக்கு எதற்கு இவ்வளவு யோசனை? அவர் வாயை அடைக்கலாம் என்று அந்த நூற்று முப்பது சென்டிமீட்டர் இரும்புக் கம்பியை எடுத்து மேஜையில் கிடத்தி, அதன்மேல் என் டேப்பை வைத்தேன்.

நூற்று இருபத்தெட்டு.

திருப்பி வைத்தேன். மறுமுனையிலிருந்து வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வைத்தேன். நூற்று இருபத்தெட்டுதான். ஐம்பது வருடமாக இழுத்து இழுத்து அளந்ததில் துணி நீண்டுவிட்டிருக்கிறது, தம்பி. டேப் நீண்டால் அளவு குறையும். மரங்கள் இளைக்கவில்லை. அவை நன்றாகத்தான் இருக்கின்றன.

சமையல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா. வலைதானே, ஓரத்துல ஒட்டுப் போட்டுக்கறேன்" என்றார். அவருக்கு வலை மட்டும்தான் தெரியும். டாக்டருக்கும் தெரியாது. திங்கட்கிழமைவரை நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பன்னிரண்டு நாள் முடிந்துவிடும், வீடு என்னுடையது. கைப்பையைத் திறந்து சாவியைத் தொட்டுப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு கம்பியையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு தலைவியிடம் போனேன்.

"துணி டேப்பாம்மா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. விரல் இடுக்கில் பார்த்தேன், இரண்டும். அப்புறம் மாணவர்களின் இரும்பு டேப்பை வாங்கிக்கொண்டு என்னோடு வந்து பத்து மரத்தை மறுபடி அளந்தாள். பத்தும் போன வருடத்தைவிட நாலைந்து மில்லிமீட்டர் பருத்திருந்தன, மரம் எப்படிப் பருக்க வேண்டுமோ அப்படி. குன்றேறிப் போய், பெரிய ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் பெட்டியைக் கட்டட்டுமா என்று கேட்டேன். "எதுக்கும்மா? எல்லாரும் தப்பா அளப்பாங்க, ஆனா ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு மாதிரி அளப்பாங்க. இப்படி ஒரே சீரா தப்பு பண்ணின ஆளை நான் பாத்ததே இல்ல. ஒரே ஒரு எண்ணால எல்லாத்தையும் பெருக்கினா சரியாயிடும்" என்றாள்.

"என்னைப் பெருக்கிச் சரி பண்ண வேண்டாம். எண்பத்தி நாலையும் திரும்ப அளக்கறேன்" என்றேன். டாக்டரும் வருகிறேன் என்கிறார். டேப்பை நான்தான் பிடிப்பேன் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். இரும்பு டேப் ஒன்றுதான் இருக்கிறது, மாணவர்கள் முடித்தபின்தான் எங்களுக்குக் கிடைக்கும், ஆகையால் கூடுதலாக மூன்று நாள் ஆகும். திங்கட்கிழமை வராதே. வியாழக்கிழமை வா. வரும்போது நல்ல இரும்பு டேப் ஒன்று, ஐந்து மீட்டர், வாங்கி வா, இவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

மகனுக்கு வாசி. பின்குறிப்போடு சேர்த்து வாசி. தப்புச் செய்தேன், திருப்பி அனுப்பவில்லை, இரண்டும் உண்மை. தீர்ப்பு உன்னுடையது. சாவி என் கைப்பையில் இருக்கிறது.

இன்னொன்று. நீ கல்யாணத்தன்று நூறு, இன்றைக்கும் நூறுதான். பெருக்கிப் பார்த்துவிட்டேன். இதை உன் மனைவியிடம் நானே நேரில் சொல்ல வேண்டும், வியாழக்கிழமை சொல்கிறேன், அதுவரை நீ முந்திக்கொள்ளாதே.

நாள் கூடினால் வீட்டார் சம்மதம் வேண்டும் என்பது விதி அல்லவா? சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்குத் தலைவி குன்றேறி உனக்குப் போன் செய்வாள். நீ எடுத்து "சரி" என்று சொன்னால் போதும். எடுக்காவிட்டால் இரண்டாவது எண்ணுக்கு அடிப்பாள், அவன் முதல் மணியிலேயே எடுத்துவிடுவான், எல்லாம் போச்சு. தூங்காதே. உன் மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொல். நீ கண்ணை மூடினால் கிள்ளட்டும். முப்பத்தொரு வருடமாக நான் சொன்னதற்கெல்லாம் சேர்த்து, பலமாகவே கிள்ளட்டும்.